பழைய ஸ்கூட்டரும் பழுது பார்த்த வலையும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



இன்று பழைய ஸ்கூட்டர்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம். மறையுரையில் ஸ்கூட்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நம் பகுதியில் இளைஞர்கள் சிலரையும், ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார் சிலரையும் இந்தப் பொழுதுபோக்கு நன்றாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. மாட்டுக்கொட்டகை மூலையிலோ, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்திலோ, கோழி அடைகாக்கும் இடமாகவே மாறிப்போன ஒரு வெஸ்பாவையோ லாம்ப்ரெட்டாவையோ தேடிப் பிடிக்கிறார்கள். விலை பேசி, டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் அதோடு உட்கார்ந்து சரிசெய்கிறார்கள். ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஏற்காட்டு மலைப்பாதையில் ஏற்றிப் பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களோ எங்களிடம் வந்து, "ஃபாதர், இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. இருக்கிற காசையெல்லாம் அந்த இரும்புல கொட்டுறாரு" என்கிறார்கள். புத்தி சொல்வதற்கு முன்னால் அது என்ன வேலை என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

மண்ணுலகில் செல்வம் சேர்த்து வைக்க வேண்டாம் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரிக்கும்போது, பூச்சியையும் துருவையும் திருடனையும் சேர்த்தே சொல்கிறார். மத்தேயு நற்செய்தி 6-ஆம் பிரிவு. அங்கே துரு என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லின் நேர்ப்பொருள் 'தின்னுதல்' என்பது. நம் ஊரிலும் "துரு தின்னுட்டுது" என்றுதானே சொல்கிறோம்! பழைய ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃபுட்போர்டு ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கீழே இரும்பு இருக்காது, தரை தெரியும். விரிப்புக்கு அடியில் தங்கிய மழைத் தண்ணீர் வருடக்கணக்காகத் தின்றிருக்கும். அப்படியானால், துரு தின்றுகொண்டிருக்கும் ஒரு பொருளைத் தேடிப் போய், வாங்கி, துருவைச் சுரண்டி எடுப்பவர் மண்ணுலகில் செல்வம் சேர்க்கிறாரா, அல்லது வேறு ஏதாவது செய்கிறாரா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்பது எங்கள் எண்ணம். அவர் எப்படிப் பழுது பார்க்கிறார், பார்த்த பிறகு அந்த வண்டியை என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இந்த வண்டி பிறந்த கதையே ஒரு பழுது பார்த்த கதைதான். இத்தாலியில் பொன்தெதெரா என்ற ஊரில் பியாஜியோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் செய்தது ஸ்கூட்டர் அல்ல. விமானம், அதுவும் குண்டு வீசும் விமானம். அந்தத் தொழிற்சாலையே குண்டு விழுந்து நொறுங்கியது. போர் முடிந்தபோது விமானம் செய்யவும் வழியில்லை, தொழிலாளர்களுக்கு வேலையும் இல்லை. ஊரில் சாலைகளெல்லாம் குண்டும் குழியும். என்ரிக்கோ பியாஜியோ, கொர்ராதீனோ த'அஸ்கானியோ என்ற விமானப் பொறியாளரிடம் எளிய மக்கள் ஓட்டக்கூடிய ஒரு வண்டியைக் கேட்டார். த'அஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்து பார்த்தவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. உடையில் எண்ணெய் படும், பஞ்சரானால் சக்கரம் கழற்றுவது தொல்லை, ஏறி உட்காரக் காலைத் தூக்கிப் போட வேண்டும். ஆகவே எஞ்சினை மூடி வைத்தார், நடுவில் கால் வைக்க இடம் விட்டார், முன்சக்கரத்தை விமானத்தின் சக்கரம் போல ஒரே பக்கத்துக் கையில் தாங்க வைத்தார். 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். வண்டியைப் பார்த்த பியாஜியோ, குளவி மாதிரி இருக்கிறதே என்றாராம். இத்தாலிய மொழியில் குளவிக்குப் பெயர் வெஸ்பா.

அடுத்த ஆண்டே, 1947-ல், மிலான் நகரில் இன்னொரு வண்டி வந்தது. ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி இரும்புக் குழாய் செய்து பெயர் பெற்றவர். லாம்பிராத்தே என்ற பகுதியில் இருந்த தொழிற்சாலையில் அவர் செய்ததால் அந்த வண்டிக்கு லாம்ப்ரெட்டா என்று பெயர். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இருவரின் தொழிலும் தெரிந்துவிடும். வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. விமானத்தின் உடம்பு போலத் தகடே அதன் எலும்பு. லாம்ப்ரெட்டாவுக்கு நடுவில் தடித்த குழாய் ஒன்று முதுகெலும்பாக இருக்கும், மற்ற தகடுகள் அதன் மேல் போல்ட் போட்டு மாட்டியவை. அதனால்தான் வெஸ்பாவில் துரு பிடித்தால் அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் பலமே போய்விடுகிறது. வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பதை எசாயா இறைவாக்கினர் கனவாகக் கண்டார். குண்டு விமானம் செய்த கைகள் கீரைக்காரியும் பள்ளி ஆசிரியரும் ஏறிப் போகும் வண்டி செய்ததும் அந்தக் கனவின் சிறு துண்டுதானே?

நம் நாட்டுக்கு இரண்டும் வந்தன. 1948 முதல் பஜாஜ் குடும்பத்தாரின் நிறுவனம் வெஸ்பாவை இறக்குமதி செய்தது. 1959-ல் இங்கேயே தயாரிக்க உரிமம் கிடைத்தது. பம்பாயில் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் லாம்ப்ரெட்டாவை இணைத்து விற்றது. நம் மாநிலத்திலும் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலை 1960-களில் ஃபன்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர் செய்தது. இன்று அதைக் கண்ணால் கண்டவரே அபூர்வம். 1971-ல் பியாஜியோவோடு ஒப்பந்தம் முடிந்ததும் பஜாஜ் தன் பெயரிலேயே வண்டி செய்தது. 1972-ல் சேத்தக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். அதே 1972-ல் லக்னோவில் அரசு நிறுவனமாக ஸ்கூட்டர்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. இன்னொசென்டியின் இயந்திரங்களையும் லாம்ப்ரெட்டா பெயரையும் சேர்த்தே வாங்கி வந்தார்கள். நம் வீடுகளில் 'விஜய் சூப்பர்' என்று ஓடியது அந்த லாம்ப்ரெட்டா வம்சம்தான்.

இளையோருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: அந்த நாளில் பணம் கையில் இருந்தாலும் பஜாஜ் ஸ்கூட்டர் கிடைக்காது. பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுகள் வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. மகன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது பதிந்தது, அவன் கல்லூரிக்குப் போகும்போது வந்து சேரும். வந்த அன்று சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நம் வீடுகளில் பங்குத்தந்தையை அழைத்துப் புனித நீர் தெளித்து மந்திரித்தார்கள். அப்பா ஓட்ட, முன்னால் பிள்ளை நிற்க, பின்னால் அம்மா இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்து, ஸ்டெப்னியில் ஒரு பையும் தொங்க, ஒரு குடும்பமே கோவிலுக்கு வந்து இறங்கும். கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குப் போன குருக்கள் எத்தனையோ பேருக்கும் ஸ்கூட்டர்தான் துணை. திருப்பலிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ள அந்த இடம் எவ்வளவு வசதி!

ஆனால் இந்த நினைவையெல்லாம் வெறும் தேனாக ஊற்றவும் எங்களுக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பழைய ஸ்கூட்டர்களில் எத்தனை, மாப்பிள்ளைக்குச் சீராக வந்தவை? ஸ்கூட்டர் கொடுத்தால்தான் தாலி ஏறும் என்று நின்ற திருமணங்களை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு தகப்பன் கடன் வாங்கிக் கொடுத்த வண்டி அது. பேரன் அதை இன்று பளபளப்பாக்கி, "எங்க தாத்தா வண்டி" என்று படம் எடுத்துப் போடும்போது, கடன் கட்டியது எந்தத் தாத்தா என்று பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது.

சரி, பட்டறைக்கு வருவோம். இருபது வருடம் கிடந்த வண்டியில் எஞ்சின் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஈரம் புகுந்து இரும்பில் துரு ஏறியதும் பிஸ்டன் வளையங்கள் அதோடு கவ்விக்கொள்ளும். கிக்கரை மிதித்தால் நகராது. இந்த இடத்தில்தான் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அவசரக்காரர் கிக்கர் மேல் ஏறி நின்று உதைப்பார். உள்ளே கிக்கர் பல்சக்கரம் உடையும். அதைவிட அவசரக்காரர் சுத்தியலை எடுப்பார், பிஸ்டன் வெடிக்கும். தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? பிளக்கைக் கழற்றி, டீசலையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஊற்றி மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டு நாள், நான்கு நாள், சில நேரம் இரண்டு வாரம். பிறகு வண்டியைக் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைப்பார். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் சில நாள். ஒரு நாள் மயிரிழை அளவு நகரும். அந்த மயிரிழை நகர்ந்துவிட்டால் போதும், அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

நற்செய்தியில் யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தங்கள் தந்தை செபதேயுவோடு படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தேயு 4-ஆம் பிரிவில் அந்த வேலைக்குக் கிரேக்கத்தில் 'கத்தார்திட்ஸோ' என்ற வினைச்சொல் வருகிறது. பவுலடியார் கலாத்தியருக்கு எழுதும்போது 6-ஆம் பிரிவின் தொடக்கத்தில் அதே வினைச்சொல்லைத்தான் எடுக்கிறார். அங்கே வலை இல்லை, மனிதர். தவறிப்போன ஒருவரைச் சாந்தமான மனதோடு சீராக்கச் சொல்கிறார். சீராக்குபவர் தன்னையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். வலைக்கும் மனிதருக்கும் ஒரே சொல்! அறுந்த வலையை யாரும் உதைத்துச் சரிசெய்வதில்லை. இறுகிய எஞ்சினையும் அப்படித்தான். குடித்துவிட்டு வரும் மகனையும், பத்து வருடமாகப் பேசாத தம்பியையும், திருமண விஷயத்தில் கோபித்துக்கொண்டு கோவிலை விட்டே விலகிப்போன குடும்பத்தையும் மட்டும் நாம் கிக்கர் மேல் ஏறி நின்று உதைக்கிறோமே, ஏன்? ஒரு வண்டிக்கு இரண்டு வாரம் காத்திருக்கத் தெரிந்த அண்ணன், வீட்டில் இரண்டு நிமிடம் காத்திருக்க மாட்டேன் என்கிறார் என்று அவருடைய மனைவி சொல்லும்போது, அது ஸ்கூட்டரின் குற்றம் இல்லை என்று மட்டும் எங்களால் சொல்ல முடிந்தது.

இன்னொரு விஷயம், பெயின்ட். பழைய வண்டி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வரும் ஆசை, அதைக் கடையிலிருந்து வந்த அன்று போல ஆக்கிவிட வேண்டும் என்பது. சிலர் அன்று இல்லாத நிறத்தையும் அடித்து, அன்று இல்லாத குரோமியத்தையும் மாட்டிவிடுவார்கள். உலக அளவில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஒரு கதை சொல்வார்கள். வியட்நாமில் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஏற்றுமதிக்கும் என்று பழைய வெஸ்பாக்களைப் புதிது போலச் செய்து விற்றார்கள். இரண்டு நிறத்தில் பெயின்ட், கண்ணைப் பறிக்கும். வாங்கிய நாட்டில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபோது சில வண்டிகள் இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியவையாக இருந்தன. மேலே விரல் கனத்துக்குப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். நம் நாட்டுப் பட்டறைகளுக்கும் இந்தப் பெயர் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சமதரையில் ஓடும்போது எதுவும் தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஒரு மலைப்பாதையில் பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியும்.

நல்ல டிங்கர் பட்டியை நம்ப மாட்டார். துரு தின்ற தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை வைத்து வெல்டிங் செய்வார். அதற்குக் காசும் ஆகும், நாளும் ஆகும். பிரேக் ஷூ, கேபிள்கள், டயர், ஒயரிங், எஞ்சின் ஆயில் சீல் இவற்றில் பழமைப் பாசம் கூடவே கூடாது. தயங்காமல் புதிது போட வேண்டும். ஆனால் ஹேண்டில் பாரில் முப்பது வருடம் ஒரு கை பிடித்துத் தேய்ந்த இடம், முன் தகட்டில் ஓவியர் கையால் எழுதிய பதிவு எண், யாரோ ஒட்டிய வேளாங்கண்ணி மாதாவின் பாதி கிழிந்த ஸ்டிக்கர், இவற்றையெல்லாம் எதற்காக அழிக்க வேண்டும்? சிறந்த சேகரிப்பாளர்கள் இப்போது பழைய பெயின்டையே கழுவி மெழுகு போட்டு விட்டுவிடுகிறார்கள். உயிர்த்த ஆண்டவருடைய உடலிலும் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன என்பது தோமாவுக்குத் தெரியும்.

சரிசெய்த வண்டியைப் பிறகு என்ன செய்கிறோம்? எங்களுக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். ஒன்று ஓடத் தொடங்குவதற்குள் அடுத்ததை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தார்ப்பாய்க்குக் கீழே ஐந்து வண்டி, ஆறு வண்டி. ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றுக்கு மாட்ட என்று சொல்லி வாங்கியவை. கடைசியில் எதுவும் முழுதாக இல்லை. ஓட்டாமல் நிறுத்திய வண்டி உள்ளிருந்து சாகும். டாங்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடித்தால் எஞ்சினுக்குள் வேண்டாத காற்று நுழைந்து சூடேறும். பூட்டி வைத்தவர் திருடனிடமிருந்து தப்பலாம்; துரு பூட்டைத் திறந்துகொண்டு வருவதில்லை.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு 2013-ஆம் ஆண்டு இரண்டு வண்டிகள் அன்பளிப்பாக வந்தன. ஒன்று புத்தம் புதிய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள். அதை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். 2014 பிப்ரவரியில் பாரிஸில் 2,41,500 யூரோவுக்குப் போனது, பணம் உரோமையின் காரித்தாஸ் அமைப்பு ஏழைகளுக்காக நடத்தும் பணிக்குச் சேர்ந்தது. மற்றொன்று 1984-ஆம் ஆண்டு ரெனோ 4 கார். வெரோனாப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகளில் பணியாற்றிய ஒரு முதிய குரு, தாம் வருடக்கணக்காக ஓட்டிய அந்தக் காரையே கொண்டுவந்து கொடுத்தார். 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. திருத்தந்தை சாவியை வாங்கி, தாமே ஓட்டிப் போனார். இந்த வகைக் கார் தமக்கு ஓட்டிப் பழக்கம் உண்டு, வழியில் நின்று போனதே இல்லை என்று அவர் சொன்னதாகவும் செய்தி வந்தது. பழைய பொருளை விரும்புகிறவர்கள் எல்லாரும் கஞ்சர்களும் அல்ல, எல்லாரும் எளியவர்களும் அல்ல. அது ஓடுகிறதா, யாரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். எனவே அந்த அண்ணனின் மனைவிக்கு நாங்கள் சொன்னது இதுதான்: "ஒண்ணு இருக்கட்டும்மா. அதுல உங்களையும் ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ரெண்டாவது வந்தா எங்ககிட்ட வாங்க."

சேகரிப்பவர்கள் வாங்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம். கணவரை இழந்த ஒரு தாய், கொல்லையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அவருடைய பழைய ஸ்கூட்டரை இரும்பு விலைக்குக் கொடுக்கிறார். வாங்கியவருக்கு அதன் உண்மை விலை தெரியும். தெரிந்தும் இரும்பு விலையைக் கொடுத்துவிட்டு வருவது சாமர்த்தியம் என்று பேசிக்கொள்கிறார்கள். அது சாமர்த்தியம் இல்லை. புதுப்பேட்டையில் ஒரு பழைய ஹெட்லைட் வளையத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தவர், அந்த அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டு விலை பேசட்டும்.

அந்த அம்மாவும் சரி, விற்கும் வேறு யாரானாலும் சரி, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற்ற வேண்டும். விற்கும்போது படிவம் 29, 30. வண்டி நாளைக்கு எங்காவது விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவரைத்தான் வழக்கு தேடி வரும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு மறுபதிவும் பசுமை வரியும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பின்னர் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி, பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அந்த விதியில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று: சட்டத்தையோ எஞ்சினையோ மாற்றிவிடாமல் வண்டி அதன் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது.

கடைசியாக, மழைக்காலம் நெருங்குவதால் மலையேறும் ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏறுவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், ஆபத்து இறங்குவதில்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்க் கிணறு கிடையாது, பெட்ரோலோடு கலந்த 2டி ஆயில்தான் பிஸ்டனை நனைக்கிறது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஆக்ஸிலேட்டரை மூடியபடியே கியரில் உருண்டு வந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெயோ சொட்டுச் சொட்டாகத்தான் போகும். திடீரென்று பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் வளைவிலேயே நின்றுவிடும். எனவே இரண்டாம் கியரில் மெதுவாக வாருங்கள், அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள், நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு வரவே வராதீர்கள். சிறிய சக்கரம், பழைய டிரம் பிரேக். பாதி வழியில் ஒரு முறை நிறுத்தி ஆறவிடுங்கள், குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாமல். இருவரும் ஹெல்மெட் அணியுங்கள், பின்னால் உட்காரும் அம்மாவும்தான். கீழே சோதனைச்சாவடி வந்ததும் பிரேக் டிரம்மை வெறுங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.

இறைவன் உங்கள் பயணங்கள் எல்லாவற்றிலும் உடன் வருவாராக.